தாமிரபரணியில் வெள்ளம் வருமா? அணை மட்டம் மட்டும் பார்த்தா போதாது!

திருநெல்வேலியில் மழை வலுத்தால் முதலில் வரும் கேள்வி, "குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிருச்சா?" என்பதுதான். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் அந்தக் கோயில்தான் ஊருக்கு அளவுகோல். இப்போது பாபநாசம் அணை மட்டத்தையும் செல்போனிலேயே பார்த்துவிடுகிறோம். ஆனால், இந்த இரண்டை மட்டும் நம்பி இருக்கலாமா?

நீளம் குறைவு, நேரமும் குறைவு

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, சுமார் 125 கி.மீ. ஓடி, தூத்துக்குடி மாவட்டம் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் இது வற்றாத ஆறு. காவிரியில் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர நாள்கணக்கில் ஆகும். இங்கே அவ்வளவு அவகாசம் கிடையாது.

அணைக்குக் கீழேயும் தண்ணீர் சேரும்

மலையடிவாரத்தில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் உள்ளன. இவற்றைத் தாண்டி வந்த பிறகு, திருப்புடைமருதூரில் கடனாநதி சேருகிறது. குற்றாலம் பக்கமிருந்து வரும் சிற்றாறு, திருநெல்வேலியைக் கடந்த பிறகு சீவலப்பேரியில் கலக்கிறது. அதாவது, சிற்றாற்று வெள்ளத்தைக் குறுக்குத்துறை காட்டாது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் மக்கள்தான் அதைச் சந்திக்க வேண்டும்.

சமவெளியில் நேரடியாகக் கொட்டும் மழை இன்னொரு பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை மறக்க முடியுமா? கடலோர ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் ரயில் நின்றுபோனது. ஆற்று வெள்ளமும் ஊர் மழையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்தோம்.

போனில் என்ன பார்க்க வேண்டும்?

• மழை எச்சரிக்கை: 'டிஎன் அலர்ட்' செயலியில் உங்கள் மாவட்டத்துக்கான எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால், 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்ய வாய்ப்பு. அணை நிரம்பாவிட்டாலும் உஷாராக இருங்கள்.

• நீர் வெளியேற்றம்: அணை எத்தனை அடி என்பதோடு, எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு கனஅடி என்பது நொடிக்குச் சுமார் 28 லிட்டர். 10,000 கனஅடி என்றால் நொடிக்கு 2.8 லட்சம் லிட்டர்!

• உங்கள் ஊர் இருக்கும் இடம்: உங்கள் ஊருக்கு மேலே எந்தெந்த ஆறு கலக்கிறது, பக்கத்தில் எந்தக் குளம் இருக்கிறது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

• அவசர உதவி: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள்.

வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால், "கோயில் இன்னும் மூழ்கலையே" என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உடனே மேடான இடத்துக்குக் கிளம்புங்கள்.