வயிறு நிறைந்தும் வளராத வான்கோழி

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பத்திரிகை அலுவலகங்களுக்கு வான்கோழி ஞாபகம் வந்துவிடும். நூறு குஞ்சு விட்டால் ஆறு மாதத்தில் கையில் எவ்வளவு நிற்கும் என்ற கணக்கோடு ஒரு கட்டுரை கேட்பார்கள். அப்படி வெளிவந்த கணக்குகள் பலவற்றில் நூறு குஞ்சும் நூறாகவே பிழைத்திருக்கும்; எல்லாம் ஒரே சீராக எடை ஏறியிருக்கும். கொட்டகையில் நடப்பது வேறு.

சங்கரன்கோவில், குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் தொழுவத்து ஓரமாகப் பத்து, இருபது வான்கோழி விட்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதல் மாதப் புலம்பல்தான் முதலில் வரும். குஞ்சு தூங்கித் தூங்கி விழுகிறது, ரெக்கை தொங்குகிறது, ஒரே நாளில் பொரித்ததில் ஒன்று கொழுகொழுவென்றும் இன்னொன்று குருவி அளவிலும் நிற்கிறது. சீக்கு என்பார்கள், வாடைக்காற்று என்பார்கள், கண்ணேறு என்பவர்களும் உண்டு. தட்டு நிறையத் தீவனம் இருப்பதால் பட்டினி என்று மட்டும் யாருக்கும் தோன்றாது. ஆனால் பல கொட்டகைகளில் அது பட்டினிதான்.

முதல் பத்து நாள் பட்டினி எல்லோருக்கும் தெரிந்ததே. வான்கோழிக் குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது, கண்ணும் மந்தம். தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டு போடுவதும், தீவனத்தின் மேல் கீரையைப் பொடியாக அரிந்து தூவுவதும், பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை உதிர்த்துப் போடுவதும் அதற்காகத்தான். அந்த முட்டையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். குஞ்சுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் ஏறக்குறைய வேண்டிய விகிதத்திலேயே ஒரே பண்டத்தில் கிடைப்பது முட்டையில்தான். பதினைந்து நாள் கழித்து முட்டை நிற்கும். இரண்டாவது பட்டினி அங்கே தொடங்குகிறது.

புரதம் என்று மூட்டையில் அச்சடித்திருக்கும் சதவீதத்தைப் பார்த்துத் தீவனம் வாங்குகிறோம். குஞ்சின் உடம்புக்கு அந்த எண் தெரியாது. அதற்கு வேண்டியது லைசின், மெத்தியோனின், த்ரியோனின், ஆர்ஜினின் என்று தனித்தனிச் சரக்கு. சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விசைத்தறியில் சேலைக்கு வேண்டிய நூலில் ஒரு நிறம் தீர்ந்துபோனால், மற்ற நிறங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் தறி நிற்கும். லைசின் குறைந்த குஞ்சும் அப்படியே நிற்கிறது. மிஞ்சிய அமினோ அமிலங்களை உடம்பு சேர்த்து வைக்காது; உடைத்து யூரிக் அமிலமாக எச்சத்தில் தள்ளிவிடும். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதே, அந்த அம்மோனியா நெடி காசு கொடுத்து வாங்கிய புரதத்திலிருந்து வருவது.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994-இல் வெளியிட்ட அட்டவணைதான் இன்றைக்கும் எல்லோரும் புரட்டிப் பார்ப்பது. முதல் நான்கு வாரத்துக்கு வான்கோழித் தீவனத்தில் 28 சதவீதம் புரதம், அதில் லைசின் 1.6 சதவீதம் வேண்டும் என்கிறது. அதே அட்டவணையில் பிராய்லர் குஞ்சுக்கு லைசின் 1.1, முட்டைக்கோழிக் குஞ்சுக்கு 0.85. கடையில் கோழிக்குஞ்சுத் தீவனம் என்று கேட்டு வாங்கி வான்கோழிக்குப் போடுகிறவர் பாதி இலைதான் பரிமாறுகிறார்.

வயது ஏற ஏற இந்தத் தேவை இறங்கிக்கொண்டே வரும். எட்டு வாரத்துக்கு மேல் 1.3, கடைசி மாதத்தில் 0.65 போதும். நம்மூரில் நடப்பது தலைகீழ். குஞ்சாக இருக்கும்போது நொய்யும் கம்பும். விற்கப் போகும் மாதத்தில் எடை ஏறட்டும் என்று விலை கூடிய தீவனம். சதை பிடிக்க வேண்டிய காலம் அதற்குள் போயிருக்கும். அப்போது போடுவது கொழுப்பாகத்தான் சேரும். நாட்டுக் கருப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் வெள்ளையையும் கலந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி–1 நம் வெயிலைத் தாங்கும் இனம்தான். ஆனால் எந்த இனமானாலும் முதல் எட்டு வாரத்தில் விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

லைசின் குறைவைக் கண்ணால் பார்க்க ஒரு வழியும் இருக்கிறது. வெண்கல நிற வான்கோழிக் குஞ்சுக்கு லைசின் போதாவிட்டால், வளரும் இறக்கைச் சிறகில் நிறம் விட்டுப்போய் வெள்ளைப் பட்டை விழும். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1940-களிலேயே கவனித்தது இது. கலப்பினக் குஞ்சுகளில் பிறவியிலேயே வெள்ளைச் சிறகு இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சரி, லைசின் எங்கே கிடைக்கும்? இந்தக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளத்தில் அது கால் சதவீதம்தான். கம்பும் பெரிய வித்தியாசம் இல்லை. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் தாராளம், லைசின் வறட்சி. சோயாப் பிண்ணாக்கில் லைசின் இரண்டரை சதவீதத்துக்கு மேல் உண்டு. மெத்தியோனின்தான் கொஞ்சம் இடிக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் கருவாட்டுத்தூள் இரண்டுக்கும் நல்லது. ஆனால் உப்புக் கூடினால் குஞ்சின் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பையில் வரும் லைசின் பொடி நுண்ணுயிரை வளர்த்து நொதிக்க வைத்து எடுப்பது. நூறு கிலோ தீவனத்தில் கால் கிலோ கலந்தால் லைசின் 0.2 சதவீதம் போல ஏறும். கலக்கும்போது ஒரே இடத்தில் குவிந்துவிடாமல் முதலில் கொஞ்சம் மாவோடு சேர்த்துப் பிறகு மொத்தத்தில் கலக்க வேண்டும்.

இப்போது கடலைப் பிண்ணாக்குக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். கையெட்டும் தூரத்தில் கிடைப்பது, மாட்டுக்குப் போட்டுப் பழகியது, புரதம் நாற்பது சதவீதத்துக்கு மேல். அதனால்தான் எல்லோரும் அதில் போய் விழுகிறார்கள். செக்குப் பிண்ணாக்கில் லைசின் ஒன்றரை சதவீதத்தைத் தொட்டாலே அதிகம். அதாவது, வேறு எதுவும் கலக்காமல் வெறும் பிண்ணாக்கையே கொட்டினாலும் முதல் மாதக் குஞ்சின் தேவை நிறையாது.

அது பாதிக் கதைதான். 1960-இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் பிடிபடாததால் நோய்க்கு ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கில் போய் முட்டியது. அதில் வளர்ந்த ஒரு பூசணம் கக்கிய நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். இன்று மனிதனின் கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் பேசப்படும் நஞ்சை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது வான்கோழிக் குஞ்சு.

வான்கோழிக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி? இந்த நஞ்சைப் பிடித்துக் கட்டி வெளியேற்ற மற்ற உயிர்களின் கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்யும். வளர்ப்பு வான்கோழியின் கல்லீரலில் அந்த வேலை நடப்பதே இல்லை என்று பார்த்திருக்கிறார்கள். காட்டு வான்கோழியில் நடக்கிறதாம். எடைக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் எங்கோ நழுவவிட்டிருக்கிறோம். போதாததற்கு, நஞ்சு முறிக்க உடம்பு செய்துகொள்ளும் குளுட்டாதயோனுக்குக் கந்தகம் தருவது மெத்தியோனின் வழி வரும் சிஸ்டீன். கடலைப் பிண்ணாக்கில் குறைச்சலாக இருப்பதும் அந்த மெத்தியோனினே. ஒரே மூட்டை நஞ்சையும் கொண்டுவருகிறது, அதை முறிக்கும் சரக்கையும் குறைத்துத் தருகிறது.

நல்ல பருப்பு மளிகைக்குப் போய்விடும். சொத்தை, நனைந்தது, பூத்தது எல்லாம் செக்குக்கு வந்து சேரும். எண்ணெயை ஆட்டி எடுத்த பிறகு நஞ்சின் பெரும்பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அவித்தாலும் போகாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத மூட்டையிலும் இருக்கும், அதுதான் கொடுமை. மக்காச்சோளத்துக்கும் இதே ஆபத்து உண்டு. தை மாதம் ரோட்டோரம் காயப்போட்டு, பனி விழுந்ததோடு அள்ளிச் சாக்கில் கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். நம் வீட்டு இட்லிப்பொடியில் விழும் கடலையும் இதே சந்தையில்தான் வாங்கியது என்ற நினைப்பும் கூடவே வரும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இதெல்லாம் கொட்டடியில் அடைத்து வளர்ப்பவர் கவலை, மேய விட்டால் வான்கோழி தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. வளர்ந்த பறவைக்கு அது ஓரளவு சரி. கீரையும் புல்லும் அது பாதி வயிறு தின்னும், வெட்டுக்கிளியை விடாது. பானையில் சாணியும் வைக்கோலும் திணித்துக் கவிழ்த்துக் கரையான் பிடித்துப் போடுவதும் நல்ல புரதம். சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண் பிரசாதமாகத் தரும் ஊருக்குக் கரையானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று வாரக் குஞ்சு ஓடித் தின்று 1.6 சதவீதம் தேடிக்கொள்ளாது. நாட்டுக்கோழி மேய்ந்த இடத்திலேயே அதை விட்டால், கோழியின் குடற்புழு வழியாகக் கருந்தலை நோய் வேறு தொற்றும்.

பிண்ணாக்கில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் இல்லாமல் இல்லை. நாமக்கல்லில் இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் போல. இருபது வான்கோழிக்காக யாரும் மாதிரி எடுத்துக்கொண்டு பஸ் ஏறப்போவதில்லை. எனவே என் யோசனை கறாரானது: முதல் எட்டு வாரம் கடலைப் பிண்ணாக்கைக் கொட்டகைக்குள்ளேயே விடாதீர்கள். சோயாவும் எள்ளும் லைசின் பொடியும் செலவுதான். ஆனால் அந்த வயதில் குஞ்சு தின்பது ரொம்பக் கொஞ்சம், அதனால் பில் பயமுறுத்தாது. அதற்குப் பிறகு போட்டே ஆக வேண்டும் என்றால், ஆட்டி ஒரு வாரத்துக்குள் வாங்கியதாக, பதினைந்து நாளில் தீர்ந்துவிடும் அளவாக இருக்கட்டும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கட்டி தட்டிய பிண்ணாக்கை உடைத்து வெயிலில் போட்டுத் திரும்பக் கலப்பதற்குப் பதில் குப்பைக்குழியில் கொட்டிவிடலாம். மாட்டுத் தொட்டிக்கும் அது வேண்டாம், பாலில் வந்துவிடும்.