ஹமாம்னா சோப்பு மட்டும்தானா? துருக்கிக் குளியலுக்குப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

தமிழ்நாட்டில் 'ஹமாம்' என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பச்சை கலர் சோப்புதான். 1931-ல் டாடா ஆயில் மில்ஸ் கொண்டுவந்த பிராண்ட், இப்போது ஹிந்துஸ்தான் யூனிலீவர் கையில் இருக்கிறது. மளிகை லிஸ்ட்டில் தலைமுறை தலைமுறையாக இடம்பிடித்த அந்தப் பெயர், உண்மையில் ஒரு கட்டடத்தின் பெயர். அரபியில் 'ஹம்மாம்' என்றால் குளியல் கூடம். சூடு என்ற பொருள் தரும் வேர்ச்சொல்லில் இருந்து வந்தது. துருக்கிக்காரர்கள் அதையே 'ஹமாம்' என்கிறார்கள்.

இஸ்தான்புல் ட்ரிப் போனவர்களின் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள்: பளிங்குக் கல் மேல் ஒருத்தர் படுத்திருப்பார், தலையைத் தவிர மற்றதெல்லாம் நுரைக்குள் இருக்கும். பார்க்க ஜாலியா இருக்கு. ஆனால் கமெண்ட்டில் நம்ம ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி எப்பவும் ஒன்றுதான்.

டிரெஸ்ஸைக் கழட்டணுமா?

முழுசாக இல்லை. உள்ளே போனதும் 'பெஷ்தெமல்' என்ற மெல்லிய பருத்தித் துணி கொடுப்பார்கள். கட்டம் போட்டது, அசப்பில் நம்ம ஊர் துண்டுதான். ஆண்கள் அதை இடுப்பில் கட்டினால் கடைசி வரை அவிழ்ப்பதில்லை. பெண்கள் பகுதியில் உள்ளாடையோ நீச்சல் உடையோ போட்டுக்கொள்வது சகஜம். மாற்று உள்ளாடை ஒன்று பையில் இருக்கட்டும்.

தேய்த்து விடுபவர் யார் என்பது அடுத்த விஷயம். மரபுப்படி ஆண்களுக்கு ஆண் பணியாளர், அவர் பெயர் 'தெல்லாக்'. பெண்களுக்குப் பெண், 'நாத்தர்'. சுற்றுலாப் பயணிகளுக்கான சில இடங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே போகலாம், அங்கே பணியாளர் ஆணாகவும் இருக்கலாம். புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெட்கம் என்றதும் ஒரு சந்தேகம். நாலு பேர் முன்னாடி குளிப்பது நமக்கு நிஜமாகவே புதுசா? திருத்தணியில் ஆடிக் கிருத்திகை அன்று சரவணப் பொய்கைப் பக்கம் போய்ப் பாருங்கள். மொட்டை போட்டவர்கள், காவடி தூக்கப் போகிறவர்கள், பாதி தமிழ் பாதி தெலுங்கில் பேசிக்கொண்டே வரும் எல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் என ஒரே தண்ணீரில் அத்தனை பேரும் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு 365 படி ஏறுவார்கள். அங்கே யாரும் யார் உடம்பையும் பார்ப்பதில்லை. குற்றாலத்தில் எண்ணெய் மசாஜும் வெட்டவெளியில்தான் நடக்கிறது. ஆக, நம்மைக் கூச வைப்பது குளியல் இல்லை, தெரியாத ஊரின் ரூல்ஸ் தெரியாததுதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். பொய்கையில் முங்குவோம். துருக்கி ஹமாமில் முங்குவதற்குப் பொதுவாகக் குளமோ தொட்டியோ இருக்காது. ஓடும் நீர்தான் சுத்தம் என்பது அங்கே மரபு. சுவரோரம் 'குர்னா' என்ற பளிங்குக் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் விழும், அதை உலோகக் கிண்ணத்தில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். நம்ம செம்புக் குளியல்தான், இடம் கொஞ்சம் ராஜ தோரணை.

உள்ளே என்ன நடக்கும்?

உடை மாற்றும் கூடம், மிதமான சூட்டில் ஒரு அறை, அதைத் தாண்டினால் 'ஹராரெத்' என்ற வெப்ப அறை. நடுவில் 'கோபெக் தாஷ்', அதாவது தொப்புள் கல். பெரிய பளிங்கு மேடை. பழைய முறையில், கட்டடத்தின் அடியில் விறகு எரித்து, அந்தச் சூட்டைத் தரைக்குக் கீழேயும் சுவருக்குள்ளும் ஓட விடுவார்கள். ரோமானியர்களிடம் இருந்து வந்த டெக்னிக் இது. குவிமாடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துளைகள், அவற்றின் வழியே கோடு கோடாக வெளிச்சம்.

கல் மேல் படுத்து நன்றாக வியர்த்த பிறகு தெல்லாக் வருவார். கையில் 'கெசே' என்ற சொரசொரப்பான உறை. பீர்க்கங்காய் நாரை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கொஞ்சம் கறார். தேய்க்கத் தேய்க்க சாம்பல் நிறத்தில் திரி திரியாக வரும். "இவ்வளவு அழுக்கா!" என்று அதிர வேண்டாம், பெரும்பாலும் இறந்த தோல் அது. தோல் மென்மையாகும், ஆனால் வெள்ளையாகாது. 'ஒரே குளியலில் கலர் ஏறும்' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வலித்தால் "யவாஷ்" என்று சொல்லுங்கள். மெதுவா என்று அர்த்தம்.

அதன் பிறகுதான் ரீல்ஸில் பார்த்த சீன். துணிப்பையை சோப்புத் தண்ணீரில் முக்கி, காற்றடைத்துப் பிழிவார்கள், நுரை மலையாகக் கொட்டும். தலைக்கும் ஊற்றிவிட்டு வெளியே அனுப்பினால் துண்டைச் சுற்றிக்கொண்டு டீ. அவசரமாகக் கிளம்ப வேண்டாம்.

இதய நோய், ரத்த அழுத்தப் பிரச்சினை இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் வெப்ப அறைக்குள் போகக் கூடாது. வெயிலில் கன்றிய தோல், புதிதாக வேக்ஸ் செய்த தோல் இருந்தால் கெசே எரியும். நகையைக் கழற்றி வையுங்கள், உலோகம் சுடும். ஈரப் பளிங்கு வழுக்கும்.

எங்கே போவது? கட்டடக் கலைஞர் சினான் பெயரைத் தேடுங்கள். 1556-ன் ஹுர்ரெம் சுல்தான் ஹமாம், 1584-ன் செம்பர்லிதாஷ் ஹமாம் எல்லாம் அவர் கைவண்ணம். அவர் கட்டிய இன்னொன்று, கிளிச் அலி பாஷா ஹமாம். அங்கே பகலில் பெண்கள், மாலைக்குப் பிறகு ஆண்கள். 1741-ன் ஜாலோலு ஹமாமில் இரு தரப்புக்கும் தனித்தனிப் பகுதி. இவையெல்லாம் டூரிஸ்ட் ரேட், பெரும்பாலும் யூரோவில் சொல்வார்கள். குடியிருப்புப் பகுதிகளில் இருக்கும் சாதாரண ஹமாம்கள் பல மடங்கு சல்லிசு. ஆனால் வீட்டுக்கு வீடு பாத்ரூம் வந்த பிறகு அவை குறைந்துகொண்டே போகின்றன. ஒரு காலத்தில் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து பேசியதும், மகனுக்குப் பெண் பார்த்ததும், கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். நம்ம வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தீபாவளிக்கு மட்டும் என்று சுருங்கிய கதை ஞாபகம் வருகிறதா?

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு, போபாலில் கமலா பார்க் அருகே 'ஹம்மாம்-ஏ-கதீமி' இருக்கிறது. தலைமுறைகளாக ஒரு குடும்பம் நடத்திவரும் பழைய குளியல் கூடம். குளிர்காலத்தில் மட்டும்தான் அடுப்பு எரியும். டிக்கெட் போடும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள், மே மாத லீவில் போனால் பூட்டிய கதவைத்தான் போட்டோ எடுக்க முடியும்.