கழகம் வீழ்ந்தால் கணக்குத் தீர்ப்பவர் யார்?

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு உவகையும் தருவது. அதனைப்பற்றி நம்மவர் பலரும் கருதுவது இவ்வளவே. அது பலருக்குப் பிழைப்பும் ஆகும் என்பதும், பிழைப்பாகிய எதற்கும் வரவு, செலவு, கடன், வீழ்ச்சி என்பன உண்டு என்பதும் எளிதில் நம் நினைவுக்கு வருவதில்லை. வெற்றிக் கோப்பையை ஏந்தி நிற்கும் வீரர் படத்தை நாளிதழின் முதற்பக்கத்திற் காண்கின்றோம். அதே கழகம் சில ஆண்டுகளிற் கடனால் மூடப்பட்டது என்னும் செய்தி எங்கோ ஒரு மூலையில் வந்து மறைகின்றது. அம்மூலைச் செய்தியின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

எம்மூராகிய மணலி புதுநகரிலும், அதனைச் சூழ்ந்த எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய இடங்களிலும் காற்பந்து ஆடாத தெரு அரிது. இப்பகுதி இளைஞர் முன்னாளிற் கண்ட கனவு ஒன்றே. இரயில்பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம், வங்கி போன்ற நிறுவனம் ஒன்றின் அணியிற் சேர்தல் வேண்டும் என்பதே அது. அவ்வணியில் ஆடுபவன் முதலில் ஊழியன், பின்னரே ஆட்டக்காரன். முழங்கால் முறிந்தாலும், அணியே கலைந்தாலும், அவனுக்கு நாற்காலி ஒன்றும் மாதச் சம்பளமும் எஞ்சும். இக்காலத்துத் தொழில்முறைக் கழகமோ வேறு வகையினது. அங்கே ஆட்டமே வேலை. கழகம் நின்றால் வேலையும் நின்றது.

என்னோடு பள்ளியிற் படித்த நண்பன் ஒருவன் அத்தகைய சிறு கழகம் ஒன்றிற் சேர்ந்தான். முதல் மூன்று மாதம் சம்பளம் வந்தது. நான்காம் மாதம், 'அடுத்த வாரம்' என்ற சொல் வந்தது. ஆறாம் மாதம் அச்சொல்லும் வரவில்லை. இன்று அவன் கண்டெய்னர் யார்டு ஒன்றில் இரவுப் பணி பார்க்கின்றான். 'தோற்றிருந்தால் வருத்தமில்லை, நாங்கள் வென்றுகொண்டுதான் இருந்தோம்' என்று அவன் கூறியதே என்னை இப்பொருளை ஆராயத் தூண்டியது. வெல்லுகின்ற கழகமும் வீழ்வது எங்ஙனம்?

கழகத்தின் கணக்கை முதலிற் காண்போம். வரவு மூன்று வழிகளில் வரும்: தொலைக்காட்சி உரிமையில் ஒரு பங்கு, விளம்பரம் செய்வோர் தரும் தொகை, நுழைவுச்சீட்டு விற்பனை. செலவோ பலவகைப்படும். ஆட்டக்காரர் ஊதியம், பயிற்சியாளர், பயணம், விடுதி, மைதான வாடகை, வரி ஆகியவற்றோடு, உரிமைத் தொகை செலுத்த வேண்டிய லீக்குகளில் அதுவும் சேரும். வரவு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஊதியமோ ஏறிய பின் இறங்காது. நல்ல ஆட்டக்காரனைப் பிற கழகம் கவராதபடி மேலும் மேலும் கொடுக்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். இடையே தோன்றும் பள்ளத்தை உரிமையாளர் தம் வேறு தொழிலின் பணத்தால் நிரப்புகின்றார். எனவே, அவ்வேறு தொழில் தளர்ந்தால் மைதானத்தில் எத்துணை வெற்றி பெற்றும் பயனில்லை. வருவாய் சிறிதாயினும் செலவு அதனை மீறாதவிடத்துக் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. கழகங்கள் பலவும் இதற்கு மாறாகவே நடக்கின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. 2008 சனவரியில் இந்தியன் பிரிமியர் லீக்கின் கிரிக்கெட் அணிகள் ஏலம் விடப்பட்டபோது, ஐதராபாத்து அணியை டெக்கான் குரோனிக்கிள் நாளிதழ் நிறுவனம் ஏறத்தாழ 10 கோடியே 70 இலட்சம் டாலருக்கு எடுத்தது. அத்தொகை பத்து ஆண்டுகளிற் பகுதி பகுதியாகச் செலுத்தத் தக்கது. டெக்கான் சார்ஜர்ஸ் என்னும் அவ்வணி 2008-இல் எட்டு அணிகளுள் கடைசியாக நின்றது. மறு ஆண்டு ஆடம் கில்கிறிஸ்டின் தலைமையில் தென்னாப்பிரிக்காவில் 6 ஓட்ட வித்தியாசத்திற் கோப்பையை வென்றது. எழுச்சி இத்துணை விரைவாயிற்று, வீழ்ச்சியும் விரைவாயிற்று.

2012-இல் தாய் நிறுவனம் வங்கிக் கடன்களைத் திருப்ப இயலாத நிலையை அடைந்தது. ஆட்டக்காரர்க்குரிய தொகை உரிய நாளிற் கொடுக்கப்படவில்லை என்றும், அணியின் சொத்துகள் மீது கடன்காரர்க்குப் பிணைய உரிமை தரப்பட்டது என்றும் கிரிக்கெட் வாரியம் குற்றஞ் சாட்டி, 30 நாள் தவணை கொடுத்தது. செப்டம்பர் 13-ஆம் நாள் அணி விற்பனைக்கு வந்தது. கேட்டவர் ஒருவரே. சென்னையைச் சேர்ந்த பி.வி.பி. வென்ச்சர்ஸ் 900 கோடி ரூபாய் கூறிற்று. பணம் செலுத்தும் முறையில் ஒற்றுமை ஏற்படாமையால் அதனை உரிமையாளர் ஏற்கவில்லை. மறுநாளே வாரியம் ஒப்பந்தத்தை முறித்தது. உரிமையாளர் நீதிமன்றம் ஏறினர். 100 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுத்தால் அணி பிழைக்கலாம் என்ற நிலை வந்தது. வங்கி உத்தரவாதம் என்பது, 'இவர் கொடாவிடின் நாம் கொடுப்போம்' என்று வங்கி எழுதித் தரும் பிணை. கடனில் மூழ்கியவர்க்கு அதனை எழுதித் தருவார் யார்? குறித்த நாளில் அது வரவில்லை. அக்டோபர் 25-ஆம் நாள், ஐதராபாத்தின் புதிய உரிமையைச் சென்னைச் சன் தொலைக்காட்சி நிறுவனம் ஆண்டுக்கு 85 கோடியே 5 இலட்சம் ரூபாய்க்குப் பெற்றது. சன்ரைசர்ஸ் பிறந்தது, பழைய ஆட்டக்காரர் பலர் அதிற் சேர்ந்தனர்.

இங்கே அணி மாய்ந்தும் ஆட்டக்காரர் பலர் பிழைத்ததன் காரணம், கிரிக்கெட்டில் வாங்குவோர் வரிசையில் நின்றமையே. வழக்கு மட்டும் ஓயவில்லை. முறிவு தவணை முடியுமுன் செய்யப்பட்டது என்று கொண்ட மத்தியஸ்தர், 2020-இல் உரிமையாளர்க்கு 4,800 கோடி ரூபாய்க்கு மேல் தருமாறு தீர்ப்பளித்தார். 2021 சூனில் பம்பாய் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது.

கொச்சி அணியின் கதை இன்னும் கருதத் தக்கது. 2010-இல் ஏறத்தாழ 33 கோடி டாலருக்கு எடுக்கப்பட்ட அவ்வணி 2011-ஆம் ஆண்டில் மட்டுமே ஆடியது. வங்கி உத்தரவாதம் கொடுக்காமையால் அவ்வாண்டு செப்டம்பரிலேயே நீக்கப்பட்டது. உரிமையாளர் தொடுத்த வழக்கில் அவர்களுக்கு 538 கோடி ரூபாய்க்கு மேல் கிடைக்கத்தக்க மத்தியஸ்தத் தீர்ப்பை 2025 சூனில் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால், அவ்வணியில் ஆடிய ஆஸ்திரேலியர் பிராட் ஹாட்ஜ், தமக்கும் தோழர்க்கும் உரிய ஊதியத்தில் 35 விழுக்காடு பத்து ஆண்டு கழிந்தும் வரவில்லை என்று 2021-இல் வெளிப்படையாகக் கூறினார். உரிமையாளர் கணக்கைக் கேட்க வழக்கறிஞர் உண்டு. உழைத்தவர் கணக்கு பத்தாண்டு காத்து நின்றது. பேர் பெற்ற வீரர்க்கே இக்கதியாயின், பந்து பொறுக்கியவனும் துணி துவைத்தவனும் தம் கணக்கை எவரிடம் கேட்பர்?

இந்நோய் நம் நாட்டுக்கே உரியதன்று. இங்கிலாந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டம் 1995 முதல் தொழில்முறையாயிற்று. 2022-இல் அந்நாட்டு முதன்மை லீக்கில் 13 கழகங்கள் இருந்தன. அவற்றுள் 1871-இல் தோன்றிய உஸ்டர் கழகம், செலுத்தாத வரிக்காக அரசினரால் வழக்கிடப்பட்டது. 2022 ஆகஸ்டு மாதத்தில் அதன் பணியாளர் பலர்க்குச் சம்பளத்தில் 65 விழுக்காடே கிடைத்தது. செப்டம்பர் 26-இல் அது ஆட்டத்தினின்று விலக்கப்பட்டது. அக்டோபர் 5-இல் ஆட்டக்காரரை அமர்த்தியிருந்த கம்பெனியை நீதிமன்றம் கலைத்தது. ஒரே நாளில் ஒப்பந்தங்கள் யாவும் வெற்றுத்தாளாயின.

1867-இல் தோன்றிய வாஸ்ப்ஸ் கழகமோ இங்கிலாந்தில் ஆறு முறையும் ஐரோப்பாவில் இரு முறையும் வாகை சூடியது. அது 2014-இல் தன் பழைய இடத்தை விட்டுக் காவென்ட்ரி நகரத்துப் பேரரங்குக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டு 6.5 விழுக்காடு வட்டிக்குக் கடன்பத்திரம் விற்று 3 கோடியே 50 இலட்சம் பவுன் திரட்டியது. வாங்கியவருள் அக்கழகத்தின் அன்பர் பலர். 2022 மே மாதத்தில் முதலைத் திருப்ப வேண்டிய நாள் வந்தது, பணம் வரவில்லை. இடையே கொரோனாத் தொற்றால் அரங்கங்கள் வெறுமையாகக் கிடந்தமை நோயாளிக்கு வந்த காய்ச்சல் போலாயிற்று. அக்டோபர் 17-இல் ஆட்டக்காரரும் ஊழியருமாக 167 பேர் வேலை இழந்தனர். 2023 சூனில் இலண்டன் ஐரிஷ் கழகமும் வீழ, 13 கழகங்கள் 10 ஆயின. உஸ்டர் மட்டும் புதிய உரிமையாளரின்கீழ் 2025-இல் இரண்டாம் படியில் மீண்டும் ஆடத் தொடங்கிற்று. நன்கு உழுத நிலத்திற் புல் மீண்டும் முளைக்கும். ஆயின் இடைப்பட்ட மூன்று ஆண்டில் வீட்டு வாடகை எவர்க்காகவும் காத்திராது.

நம் காற்பந்தையும் நோக்குக. தேசியப் பட்டம் வென்ற மகீந்திரா யுனைடெட் 2010-இலும், ஜே.சி.டி. 2011-இலும் அவற்றை நடத்திய நிறுவனங்களாற் கலைக்கப்பட்டன. அவை கடனால் விழவில்லை. இச்செலவு இனி வேண்டா என்று முதலாளிகள் தீர்மானித்தமையால் மறைந்தன. 2019 மார்ச்சு 9-ஆம் நாள் கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஐ-லீக் பட்டத்தை முதன்முதல் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தது சென்னை சிட்டி கழகம். 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் அதன் பெயர் இல்லை. கோப்பை ஒன்றே ஒரு கழகத்தைத் தாங்காது என்பதற்கு இதனினும் அண்மையான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

நிற்க. கழகம் முடிவதே இழிவு என்று யான் கூறவில்லை. முடியும் முறையிலேதான் இழிவும் சிறப்பும் உள. இந்திய மண்ணிற் பிறந்த ஒரு ரக்பிக் கழகமே இதற்குச் சான்று பகரும். 1873-இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் சிலர் ஒரு கழகம் தொடங்கினர். சில ஆண்டுகளில் உறுப்பினர் குறைந்தனர். இந்நாட்டு வெப்பத்துக்குப் போலோவும் டென்னிசும் ஏற்றவை என்று பலர் அவற்றை நாடினர். எஞ்சியோர் கடன் வாங்கிக் கழகத்தை நீட்டிக்க முயலவில்லை. வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 ரூபாயை உருக்கி, நாக வடிவக் கைப்பிடி மூன்றும் மூடியில் யானையும் அமைந்த கிண்ணம் ஒன்று செய்வித்து, 1878-இல் இங்கிலாந்து ரக்பிச் சங்கத்துக்கு அளித்துவிட்டுக் கழகத்தைக் கலைத்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் போட்டியிடுவது அக்கல்கத்தாக் கிண்ணத்துக்கே. ஐந்தாண்டு வாழ்ந்த கழகம் கையில் மீதம் இருக்கும்போதே கணக்கை மூடியதால் இன்றும் பேர் விளங்க நிற்கின்றது. நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்த கழகங்களோ கடனில் வீழ்ந்து தம்மை நம்பியோரை வாயிலில் நிறுத்தின.

அவ்வாறாயின் செய்யத்தக்கன யாவை? முதலாவது, உரிமையாளரின் பிற தொழிற்கடனும் கழகத்தின் கணக்கும் கலவாதிருத்தல் வேண்டும். இரண்டாவது, பருவம் தொடங்குமுன்னரே ஊழியர், ஆட்டக்காரர் அனைவரின் ஊதியத்துக்கும் பிணையம் வைக்கப்படுதல் வேண்டும். உரிமைத் தொகைக்கு உத்தரவாதம் கேட்கும் சங்கங்கள் உழைப்பவன் கூலிக்கும் அதனைக் கேட்டல் நீதியன்றோ? மூன்றாவது, கழகத்தை நேசிக்கும் ஊராருக்கு அதன் நிருவாகத்திற் குரல் வேண்டும். செருமனியில் காற்பந்துக் கழகங்களின் வாக்குரிமையிற் பெரும்பகுதி உறுப்பினர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்ற விதி 1998 முதல் நடைமுறையில் உள்ளது. விலக்குகள் மிகச் சிலவே. நான்காவது, ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளும் இளைஞன் கல்வியைக் கைவிடாதிருத்தல் வேண்டும். இஃது அவன் காலை நம்பாமையால் அன்று. பிறர் கணக்கை நம்ப இயலாமையால்.

பெரம்பூர்ப் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டதை நம் பெரியோர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். ஆலை மூடினால் தறி மட்டுமா நிற்கும்? அதன் வாயிலில் தேநீர் விற்றவன் அடுப்பும் அணையும். விளையாட்டுக் கழகமும் அத்தகைய ஆலையே. அங்கே நெய்யப்படுவது களிப்பு என்பதொன்றே வேற்றுமை. கோபுரம் கட்டக் கருதுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடானோ என்று நம் ஆண்டவர் வினவினார். உழைத்தவன் கூலியை இரவு கடத்தி வைத்தலும் பாவம் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் விதிக்கின்றது. இவ்விரண்டையும் கைக்கொள்ளும் கழகம் தோற்றாலும் வாழும். ஒருகால் முடிய நேர்ந்தாலும் நன்றாக முடியும். என் நண்பன் இன்னும் ஞாயிறுதோறும் காலையில் எங்கள் மைதானத்தில் ஆடுகின்றான். அவ்வாட்டத்துக்குச் சம்பளம் இல்லை. ஆயின் பாக்கியும் இல்லை. அவனைப் போன்றவர் மீண்டும் ஒரு கழகத்தை நம்பி ஒப்பமிடும் நாள் வருதல் வேண்டும். அதனைக் கொணர்தல், கோப்பை வெல்வதினும் பெரிய வெற்றியாம்.