ஊர் திரும்பிய எலும்புகள்

பிழைக்கப் போன இடத்தில் சாவு வந்தால் உடலை எங்கே அடக்கம் செய்வது? பழங்கால இஸ்ரவேல் மக்களுக்கு இது பெரிய கேள்வி.

பஞ்சத்தினால் குடும்பத்தோடு எகிப்துக்குப் போனவர் யாக்கோபு. அங்கே 17 ஆண்டுகள் வாழ்ந்தார். மகன் யோசேப்பு அந்த நாட்டில் பெரிய அதிகாரி. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சாவு நெருங்கியபோது மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எகிப்தில் புதைக்கக்கூடாது, தகப்பனும் பாட்டனும் அடக்கமான எப்ரோன் குகையில்தான் வைக்கவேண்டும்!

அது பாட்டனார் ஆபிரகாம், மனைவி சாராள் இறந்தபோது வாங்கிய குகை. நிலத்துக்காரர் சும்மா தருவதாகச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. ஊரார் முன்னிலையில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். அந்நியராக வந்த நாட்டில், அவர் விலைக்கு வாங்கியதாக வேதாகமம் சொல்லும் முதல் நிலம் கல்லறைதான்.

யாக்கோபின் உடலை எகிப்திய முறைப்படி 40 நாள் பதப்படுத்தி, ரதங்கள் சூழக் கொண்டுபோனார்கள். யோசேப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவரும் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் உடல் எகிப்திலேயே பெட்டியில் கிடந்தது. பல தலைமுறைக்குப் பிறகு மோசே மக்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோதுதான் அவரது எலும்புகளும் புறப்பட்டன. சீகேமில் அடக்கமாயின.

சாதாரண மக்களுக்கு அன்றைக்கே அடக்கம். வெயில் நாடு அல்லவா! தூக்கில் தொங்கிய குற்றவாளியின் உடலைக்கூட இரவில் மரத்தில் விடக்கூடாது என்பது சட்டம். ஏழைக்கு மண்குழி. வசதி உள்ளவர்களுக்குப் பாறையில் குடைந்த குடும்பக் கல்லறை. உள்ளே கல் திண்ணையில் உடலைக் கிடத்துவார்கள். அது எலும்பானதும் திரட்டி, பக்கத்துக் குழியில் முன்னோர் எலும்புகளோடு போட்டு, அடுத்தவருக்கு இடம் விடுவார்கள். முன்னோருடன் சேர்ந்தார் என்பது அங்கே வெறும் பேச்சு அல்ல.

எருசலேமில் கேதேப் இன்னோம் என்ற இடத்தில் 1979-ல் இப்படி ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். சுமார் 2,600 ஆண்டுப் பழமையான இரண்டு சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. அவற்றில் ஆசீர்வாத வரிகள் கீறப்பட்டிருந்தன.

சாவுச் செய்தி கேட்டதும் உடையைக் கிழிப்பார்கள். இடுப்பில் இரட்டு, தலையில் சாம்பல். ஒப்பாரிக்கென்றே பெண்களை அழைப்பார்கள். ஆனால் உடம்பைக் கீறிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை.

துக்கம் 7 நாள். மோசேக்கு 30 நாள் அழுதார்கள். துக்க வீட்டாருக்கு மற்றவர்கள் அப்பம் கொடுத்துத் தேற்றுவார்கள். யூதர் வீடுகளில் அந்த 7 நாள் துக்கம் இன்றும் உண்டு. அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். அதில் அவித்த முட்டையும் இருக்கும்.