அருங்காட்சியகப் பெட்டியும் உங்கள் தோட்டத்துப் பூச்சியும்

ஏற்காடு வட்டத்தில் வெள்ளக்கடை, அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் மழைக் காலத்தில் குழி வெட்டும்போது ஒரு சிறு பாம்பைக் காண நேரிடலாம். விரல் பருமன் இருக்கும். உடல் வழவழப்பாகப் பளபளக்கும். தலை கூர்மையாகவும், வால் அரிவாளால் சாய்வாக வெட்டியது போலவும் இருக்கும். வால் நுனியில் மண் அப்பிக் கொண்டிருக்கும். நூல்களில் இதனைக் கேடயவால் பாம்பு என்று குறிப்பிடுவார்கள். இதற்கு விஷம் கிடையாது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழுக்களைத் தின்னும். முட்டையிடாமல் குட்டி போடும். விவரம் தெரியாமல் இதனை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். அது தேவையில்லை.

இந்தப் பாம்பினத்துக்கு 1863-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம் என்பவர். சேர்வராயன் மலையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு அதனை விவரித்து, ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னால் வந்த அறிஞர்கள், இது வேறொரு இனமே என்று கருதி அதனோடு சேர்த்துவிட்டார்கள். அந்த வேறொரு இனம் இலங்கையின் பெயரைத் தாங்கியது. ஆனால் அது இலங்கையில் கிடையாது, மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கிறது என்பது வேடிக்கை. 2014-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் செதில்களின் எண்ணிக்கை முதலியவற்றைப் பழைய மாதிரிகளின் விவரங்களோடு ஒப்பிட்டு, சேர்வராயன் மலைப் பாம்பு தனி இனமே என்று நிலைநாட்டினார்கள். 150 ஆண்டுகளுக்குப் பிறகும் இது முடிந்ததற்குக் காரணம், எந்த மலையில் எடுத்த மாதிரி என்ற குறிப்பு அழியாமல் இருந்ததுதான்.

பாம்பின் பெயரால் உழவனுக்கு என்ன வருமானம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாம்பின் பெயரால் வருமானம் இல்லை. ஆனால் இதே தவறு பூச்சியில் நேர்ந்தால் பயிரே போய்விடும். அப்படி நேர்ந்த ஒன்றைப் பார்ப்போம்.

மரவள்ளியும் மாவுப்பூச்சியும்

மலையிலிருந்து இறங்கினால் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளிதான் பலருக்குப் பிழைப்பு. ஆப்பிரிக்கக் கண்டத்தில் சுமார் 20 கோடி மக்களுக்கு அது அன்றாட உணவு. அங்கே 1973-ஆம் ஆண்டளவில் காங்கோ நாட்டுப் பகுதியில் மரவள்ளியின் நுனிக் குருத்துகள் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, கொத்துக் கொத்தாக நின்றுவிடத் தொடங்கின. அடியில் கிழங்கு இறங்கவில்லை. காரணம் ஒரு மாவுப்பூச்சி. அதற்கு முன் யாரும் அதனை விவரித்ததில்லை. 1977-இல்தான் அதற்குப் பீனகாக்கஸ் மேனிஹோட்டி என்று பெயர் வைக்கப்பட்டது.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. எனவே பூச்சியும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும், அங்கே அதன் இயற்கை எதிரியும் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். தென் அமெரிக்காவின் வட பகுதியில் மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது. பார்வைக்கு ஆப்பிரிக்கப் பூச்சியைப் போலவே இருந்தது. அதனைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டு சென்று ஆப்பிரிக்கப் பூச்சியில் விட்டுப் பார்த்தார்கள். குளவி பெருகவில்லை.

ஏன்? விடை இலண்டன் அருங்காட்சியகத்தின் கண்ணாடித் தகடுகளில் கிடைத்தது. மாவுப்பூச்சியை வெறும் கண்ணால் பார்த்து இனம் பிரிக்க இயலாது. அதன் உடலைக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் இட்டு உள்ளே உள்ளவற்றை நீக்கி, மீதமுள்ள தோலுக்குச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியில் அதன் துளைகளையும் மயிர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தபோது இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது தெளிவாயிற்று. ஆப்பிரிக்கப் பூச்சியில் பெண் மட்டுமே இனம் பெருக்கும். மற்றதில் ஆணும் உண்டு. 1981-இல் அந்த இரண்டாவது இனத்துக்குத் தனிப் பெயர் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டில் கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பெல்லோட்டி என்பவர் உண்மையான பூச்சியைப் பராகுவே நாட்டில் கண்டுபிடித்தார். அதோடு அதனைத் தாக்கும் சிறு குளவியும் கிடைத்தது. அனாகைரஸ் லோபெசி என்பது இன்று அதன் பெயர். இலண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்த பின், 1981-ஆம் ஆண்டின் இறுதியில் நைஜீரியாவில் முதல் முறையாக விடப்பட்டது. பின்னர் நாடு நாடாகப் பரவி மாவுப்பூச்சியை அடக்கியது. இத்திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பரிசு அவருக்குப் போனது சரியே. ஆனால் தகடுகளில் மயிர் எண்ணியவர்களை யாரும் நினைவில் வைத்துக் கொள்வதில்லை.

நம் ஊரில் நடந்தது

இதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூர் பகுதியில் காணப்பட்டது. தொடர்ந்து சேலம், நாமக்கல் மாவட்ட மரவள்ளியையும் தாக்கியது. ஆனால் இங்கே முன்பே ஒரு மாவுப்பூச்சி உண்டு. 2008-இல் கோவையில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியிலும் வரும். அதற்கு 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி தருவிக்கப்பட்டு நல்ல பலன் கிடைத்தது. அந்தக் குளவி புதிய பூச்சியைத் தொடாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, பழைய குளவி வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தால் கிழங்கு கிடைக்காது.

இம்முறை பெயர் விரைவில் தெரிந்துவிட்டது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து லோபெசி குளவியை 2021-இல் தருவித்தது. 2022 மார்ச் 7-ஆம் நாள் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது விவசாயிகளுக்காக வெளியிடப்பட்டது. ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் தேடிய விடை நமக்கு இரண்டே ஆண்டுகளில் கிடைத்ததற்கு, சரியாகப் பெயரிட்ட மாதிரிகள் ஏற்கனவே இருந்ததே காரணம்.

வயலில் ஓரளவு நீங்களே வேறுபடுத்தலாம். புதிய பூச்சியின் உடல் இளஞ்சிவப்பாக இருக்கும். நீண்ட வால் இழைகள் இருக்கா. பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாக இருக்கும். ஆல்கஹாலில் இட்டு வைத்தால் நீலங்கலந்த கருமையாக மாறிவிடும். வாலில் இரண்டு நீண்ட இழைகளும் முதுகில் கருங்கோடுகளும் இருந்தால் அது மூன்றாவது இனம், வால் மாவுப்பூச்சி. மாவுப்பூச்சிகளிடையே பழுப்பு நிறத்தில் உப்பி இறுகிப் போனவை தென்பட்டால் உள்ளே குளவி வளர்கிறது என்று பொருள். அப்போது பூச்சிக்கொல்லி தெளித்தால் குளவிதான் முதலில் சாகும். இது அடையாளத்துக்கு உதவும் குறிப்பு மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம்.

செடிகளுக்கும் இதே முறை

கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே, இந்தியத் தாவரவியல் ஆய்வகமான பொட்டானிக்கல் சர்வேயின் தென்மண்டல மையத்தில் சென்னை ஹெர்பேரியம் என்னும் பழைய தொகுப்பு இருக்கிறது. உலர்த்தித் தாளில் பதித்த செடிகள் லட்சக்கணக்கில் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த காம்பிள் துரையின் சென்னை மாகாணத் தாவர நூல் இத்தகைய மாதிரிகளை வைத்தே எழுதப்பட்டது. அவர் பெயரிட்ட செடிகளுள் சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற சிறு மரமும் ஒன்று. ஏற்காட்டிலும் அதே துறை 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் உண்டு. அங்கே தொகுப்பு உயிரோடு இருக்கிறது. ஏற்காடு போகிறவர்கள் படகு விட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். தோட்டத்தையும் ஒருமுறை பாருங்கள்.

மாதிரி எடுப்பது எப்படி?

புதிய களை தோன்றினால் வேர், இலை, பூ, காய் ஆகிய எல்லாம் உள்ள ஒரு செடியை எடுத்து மண்ணை உதறுங்கள். பழைய செய்தித்தாள்களின் நடுவே மடங்காமல் விரித்து, மேலே பலகையும் கல்லும் வையுங்கள். முதல் மூன்று நாள்கள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மலையில் ஈரம் அதிகம், ஒரு நாள் தவறினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். பூ இல்லாத செடியைக் கொண்டு பெயர் சொல்வது பெரும்பாலும் இயலாது. காப்புக் காடுகளில் அனுமதியின்றிச் செடி எடுக்கக் கூடாது.

மாவுப்பூச்சி, அசுவினி போன்ற மென்மையான பூச்சிகளை நசுக்காமல் தூரிகையால் எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் இடுங்கள். வண்டு, அந்துப்பூச்சிகளைப் பஞ்சு வைத்த தீப்பெட்டியில் உலர்ந்த நிலையில் வைக்கலாம். புழுவை மட்டும் அனுப்பினால் பல சமயம் இனம் சொல்ல முடியாது. உதாரணமாக, காப்பித் தண்டில் துளைப்பான் இருந்தால் தாக்கப்பட்ட தண்டை ஒரு முழம் வெட்டி, கம்பி வலை மூடிய டப்பாவில் வைத்திருங்கள். தாய் வண்டு வெளிவந்ததும் அதனையும் சேர்த்துக் கொடுங்கள். வெள்ளைத் தண்டுத் துளைப்பானின் வண்டுகள் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அதிகம் வெளிவரும்.

எல்லாவற்றிலும் முக்கியம் சீட்டு. காப்பிக் காயைத் துளைக்கும் வண்டும் கொப்பைத் துளைக்கும் வண்டும் இரண்டும் கடுகளவு கருநிற வண்டுகள்தான். எங்கே கண்டது என்று எழுதாவிட்டால் பாதி அடையாளம் போயிற்று. காய்த் துளைப்பான் இந்தியாவில் முதன்முதலில் 1990-இல் கூடலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது என்று இன்று சொல்ல முடிவது, இடமும் காலமும் குறித்து வைத்ததால்தான். ஊர், வட்டம், தேதி, பயிர், பயிரின் வயது, எந்தப் பாகத்தில் கண்டது, எத்தனை செடியில் பாதிப்பு, நீங்கள் அதற்கு வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். சீட்டைப் புட்டிக்கு வெளியே ஒட்டாமல் உள்ளேயே போடுங்கள்.

உயிருள்ள பூச்சியோடு கூடிய கிளையைத் திறந்தபடி பேருந்தில் எடுத்துச் செல்லாதீர்கள். வழியெல்லாம் பரவும். ஸ்பிரிட் புட்டியைத் தபாலில் அனுப்ப அனுமதி இல்லை, நேரில்தான் கொடுக்க வேண்டும். மலையிலுள்ளவர்கள் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும், சமவெளியிலுள்ளவர்கள் சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் மாதிரிகளைக் கொடுக்கலாம். மரவள்ளிக்கு ஏத்தாப்பூர் நிலையத்தை அணுகலாம். கொடுக்கும்போது மாதிரியில் ஒரு பகுதியையும் சீட்டின் நகலையும் உங்களிடம் வைத்துக் கொள்ளுங்கள். மேலும் விவரம் கேட்டு எழுதினால் பதில் சொல்ல அது வேண்டியிருக்கும்.