ஓய்வு நேரமும் ஊர் உறவும்

கிராம சபைக்கு ஜனங்கள் வருவதில்லை என்று ஊராட்சி உறுப்பினர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அக்கறையில்லாதவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடுகிறோம். பெரும்பாலும் அது அக்கறையின்மை அன்று, நேரமின்மையே.

ஒருவருக்குள்ள நேரத்தைப் பொறுத்தே அவருடைய பழக்கத்தின் எல்லையும் அமைகிறது. மனிதர் ஒருவர் ஏறத்தாழ 150 பேருடனேயே உறவைப் பேணி வர இயலும் என்று இங்கிலாந்து அறிஞர் ராபின் டன்பார் 1990களில் எழுதினார். பேசிப் பழகும் நேரத்தில் சுமார் ஐந்தில் இரு பங்கு மிக நெருங்கிய ஐவருக்கே சென்றுவிடும் என்பதும் அவர் கணிப்பு. இவ்வெண்களை ஏற்காத அறிஞரும் உளர். ஆயினும், நேரம் சுருங்கினால் தூரத்துப் பழக்கமே முதலில் அறும் என்பதை அறியப் புத்தகம் வேண்டுவதில்லை. ஊர்ப் பொதுச் செய்தி வந்து சேர்வதோ பெரும்பாலும் அந்தத் தூரத்துப் பழக்கத்தின் வழியாகத்தான்!

2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டனர். மாலையில் தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர ஆடவருக்கு எவ்வாறு பொழுது கிடைக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பெண்களோ, வேலையையே சந்திப்பாக்கிக் கொள்கிறார்கள். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் தட்டுடன் ஒரு திண்ணையில் கூடி அமர்வதைக் காண்கிறோம். கை இலையைச் சுருட்ட, வாய் ஊர் நடப்பைப் பேசும். எண்ணிக்கைக்கே கூலி என்பதால், எழுந்து சபைக்கு வந்தால் அந்நேரக் கூலி போயிற்று.

உழவர் நிலையும் ஏறத்தாழ இதுவே. அக்டோபர் 2 புரட்டாசி நடுவிலும், நவம்பர் 1 ஐப்பசி நடுவிலும் வருகின்றன. மேலநீலிதநல்லூர்ப் பகுதியின் மானாவாரிக் கரிசலில் மழை ஈரம் கண்டபின் விதைப்பைத் தள்ளிப்போட யாருக்கு மனம் வரும்?

சபை கூடும் நாளை அரசு குறிக்கிறது; அதை நாம் மாற்ற இயலாது. ஆனால் சபைக்கு முந்திய வாரத்தில் வார்டு உறுப்பினர் அத்திண்ணைகளுக்கும், பீடிக் கடை வாசலுக்கும், மாலையில் களத்துமேட்டுக்கும் சென்று, விவாதிக்கப்படும் பொருள்களைப் படித்துக் காட்டலாம். குடிநீர், தெருவிளக்கு, பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு சபையில் எழுப்பினால், வர இயலாதவருடைய சொல்லும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.