கைபேசிக்குக் கொடுக்கும் டோக்கன்

சென்ற ஆண்டு ஓணத்துக்குச் சில நாட்கள் முன்பு, நம் சங்க உறுப்பினர்கள் இருபது பேருக்கு மேல் ஒரே நாளில் ஒரே மாதிரியான வாட்ஸ்அப் செய்தி வந்தது. நமக்கெல்லாம் நன்கு தெரிந்த ஓர் அன்பரின் புகைப்படம். அதன் கீழே, இவர் கடன் வாங்கி ஏமாற்றியவர், இவருக்கு ஜாமீன் நின்றவர் நீங்கள் என்ற பொருளில் நான்கு வரிகள். எனக்கும் வந்தது. நான் யாருக்கும் ஜாமீன் நின்றவனில்லை. என் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அன்பர் மருந்துச் செலவுக்காக ஏதோ ஒரு கடன் செயலியில் எட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். அதைக் கைபேசியில் ஏற்றும்போது திரையில் வரிசையாக நான்கைந்து பெட்டிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் 'அலவ்' என்று அழுத்தியிருக்கிறார். அவற்றில் ஒன்று அவருடைய தொலைபேசிப் புத்தகத்தைக் கேட்டது; இன்னொன்று அவர் இருக்கும் இடத்தைக் கேட்டது. வட்டியும் அபராதமுமாகச் சேர்த்துக் கட்டிய பிறகும் அழைப்பு நிற்கவில்லை. ஒரு நாள் பேசியவன், "இப்போது ஸ்ரீவராகம் கோயில் குளத்தங்கரையில்தானே நிற்கிறீர்கள்?" என்று கேட்டானாம். உண்மையிலேயே அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கேள்விதான் தன்னை உலுக்கிவிட்டது என்றார். அதன்பின் மூன்று மாதம் அவர் நம் கூட்டங்களுக்கு வரவில்லை. அவருடைய சம்மதத்தைப் பெற்றே இதை எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "நீங்கள் எஞ்சினீயர்தானே, எங்களுக்குப் புரியும்படி எழுதுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டிப்ளமோ படித்த காலத்தில் கைபேசியே கிடையாது. பின்னாளில் படித்தும், என் சொந்தக் கைபேசியில் நோண்டிப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை, எனக்குப் பழக்கமான ரயில்வே பாஷையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். மேலே சாட்டிலைட் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தங்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் நிலையையும் ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. கைபேசி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கணக்குப் போட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நம் இஸ்ரோவின் நாவிக் அமைப்பும் இவ்வாறே. எந்த வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது என்று திருவனந்தபுரம் வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அதுபோல, நாம் எங்கே இருக்கிறோம் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கணக்கின் விடை கைபேசிக்குள் இருக்கிறது. அதை எடுத்து வெளியே அனுப்புகிறவை செயலிகள்.

செல்போன் கோபுரத்தின் கதை வேறு. ரயில் பாதையில் ட்ராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. இரண்டு தண்டவாளங்களிலும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் அவற்றை இணைத்ததும் ரிலே விழுந்துவிடும். ஸ்டேஷன் மாஸ்டரின் பலகையில் அந்தப் பகுதி சிவப்பாகும். வண்டி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பகுதிக்குள் சரியாக எங்கே என்று தெரியாது. கோபுரமும் அப்படித்தான். நம் கைபேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறது என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அழைப்பை எங்கே அனுப்புவது? ரயில் பயணிகள் பலர் வைத்திருக்கும் 'வேர் ஈஸ் மை ட்ரெயின்' என்ற செயலி, ஜி.பி.எஸ்.ஸும் இணையமும் இல்லாமலே வண்டி எங்கே போகிறது என்று காட்டுவது இந்தக் கோபுரங்களை வைத்துத்தான். பெங்களூரில் சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது; 2018 டிசம்பரில் கூகுள் வாங்கிக்கொண்டது. பழைய ரயில்வேக்காரன் என்ற முறையில் அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

இந்தக் கோபுரக் கணக்கை எந்த செட்டிங்ஸிலும் நாம் அணைக்க முடியாது. 2020 ஜூலையில் நம் நகரத்தில் மும்மடங்கு ஊரடங்கு போட்டதும், பூந்துறையில் கமாண்டோக்கள் வந்து நின்றதும் நினைவிருக்கும். அடுத்த மாதம், கொரோனா நோயாளிகளின் அழைப்பு விவரங்களை நிறுவனங்களிடமிருந்து வாங்கக் காவல்துறை முனைந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னித்தலா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். யாரிடம் பேசினார் என்ற விவரம் வேண்டாம், கோபுர இருப்பிடம் மட்டும் போதும் என்று அரசு நீதிமன்றத்தில் கூறியது. நோயாளியின் நடமாட்டம் தெரிய யாரோடு பேசினார் என்பது எதற்கு? இந்தக் கேள்வியை நாம் நம் கைபேசியிலுள்ள ஒவ்வொரு செயலியிடமும் கேட்கலாம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். கோபுரம் நம் கையில் இல்லை. செயலி நம் கையில் இருக்கிறது.

ஒற்றைப் பாதையில் வண்டி ஓடிய நாட்களில் டிரைவரிடம் டோக்கன் கொடுப்போம். அந்த டோக்கன் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். அங்கே போனதும் அதை ஒப்படைத்துவிட வேண்டும். அது கருவிக்குள் போன பிறகுதான் அடுத்த டோக்கன் வெளியே வரும். ஒரு வண்டி, ஒரு பகுதி, ஒரு முறை. டிரைவர் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? 'அலவ்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது அப்படிப்பட்ட காரியம்.

இப்போதைய கைபேசிகள் இந்த டோக்கன் முறையைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-க்கு முன்னால், செயலியை ஏற்றினால் அது கேட்டதையெல்லாம் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இல், செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடம் தருவது என்ற வசதி வந்தது. 2020-இல், இந்த ஒரு முறை மட்டும் என்ற வசதி. அதுதான் நம் டோக்கன். 2021-இல், துல்லியமான இடமா, தோராயமான இடமா என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் சேர்ந்தது. தோராயம் என்றால் சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் பரப்புக்குள். மழை வருமா என்று சொல்லும் செயலிக்கு அது தாராளம். நம் வீட்டு வாசலில் மட்டும் தனியாகவா மழை பெய்யப்போகிறது? ஐபோனிலும் இதே வசதிகள் உண்டு.

செட்டிங்ஸில் 'லொகேஷன்' என்பதைத் திறந்தால் எந்தச் செயலிக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று பட்டியல் வரும். கைபேசிக்குக் கைபேசி சற்று இடம் மாறியிருக்கும். மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'பர்மிஷன்' என்று தட்டினாலும் கிடைக்கும். முதலில் 'எப்போதும்' என்ற தலைப்பின் கீழ் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். என் கைபேசியில் ஒன்பது செயலிகள் இருந்தன. ஒரு கால்குலேட்டர், ஒரு பஞ்சாங்கம், எப்போதோ தள்ளுபடிக்காக ஏற்றிய ஒரு ஜவுளிக்கடைச் செயலி எல்லாம் அதில் அடக்கம். ராகுகாலம் இடத்துக்கு இடம் மாறும் என்பது உண்மைதான். அதற்காகப் பஞ்சாங்கம் நான் சாலைக் கடைத்தெருவில் எந்தக் கடை வாசலில் நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வரைபடத்துக்கும் வாடகைக் காருக்கும் பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றினேன். மற்றவற்றுக்கு அனுமதி இல்லை. எதுவும் கெட்டுப்போகவில்லை.

டார்ச் செயலி எதற்காக இடம் கேட்கிறது என்று ஒரு சகோதரி கூட்டத்தில் கேட்டார். விற்பதற்குத்தான். அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் வைத்திருந்த 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்ற டார்ச் செயலி, அவர்கள் இருக்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2013-இல் அம்பலப்படுத்தியது. இப்போது கைபேசியிலேயே டார்ச் இருக்கிறது. தனியாக எதுவும் வேண்டாம்.

இன்னொரு பூட்டு கைபேசியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 'லொகேஷன் ஹிஸ்டரி'யை அணைத்துவைத்தாலும், 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற வேறொரு சாவி திறந்திருந்தால் கூகுள் இடத்தைப் பதிந்துகொண்டிருந்தது என்று 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கண்டுபிடித்தது. இது தொடர்பாக 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்குக் கூகுள் 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆகவே கூகுள் கணக்குக்குள் போய் இரண்டு சாவிகளையும் பார்த்துவிடுங்கள்.

தொலைபேசிப் புத்தகத்துக்கு வருகிறேன். இருப்பிடத்தைக் கொடுத்தால் நம்முடையதைக் கொடுக்கிறோம். தொலைபேசிப் புத்தகத்தைக் கொடுத்தால் ஊரார் சொத்தைக் கொடுக்கிறோம். என் எண்ணைக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. எனக்காக அன்பர் சம்மதித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, நானும் எத்தனையோ முறை அப்படி அழுத்தியவன்தான். கடன் செயலிகள் தொலைபேசிப் புத்தகம், அழைப்புப் பட்டியல், புகைப்படம் இவற்றைத் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி செய்தது. கேமராவும் இருப்பிடமும் கணக்குத் தொடங்குகையில் ஒரே ஒரு முறை, அதுவும் வெளிப்படையான சம்மதத்தோடு. இதை மீறிக் கேட்கும் செயலி விதிக்கு வெளியே இருக்கிறது என்று அறிந்து அங்கேயே நிறுத்திவிடலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். செயலியை அழித்தால் இனிமேல் எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போனது திரும்பி வராது.

இவ்வளவும் படித்த உற்சாகத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தைந்து வயதைக் கடந்த என் அண்ணன் எங்களோடு இருக்கிறார். இரண்டு வருடமாக ஞாபகம் தடுமாறுகிறது. சென்னையிலிருக்கும் அவர் மகன், அப்பா எங்கே இருக்கிறார் என்று தனக்கும் எனக்கும் தெரியும்படி அவர் கைபேசியில் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். என் கைபேசியைச் சுத்தம் செய்த கையோடு, அண்ணனுடையதிலும் இருப்பிடத்தை அடியோடு அணைத்துவிட்டேன். நான்காம் நாள் காலை ஆறு மணிக்குப் பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போனவர் பத்து மணியாகியும் வரவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை. மகன் சென்னையிலிருந்து, "சித்தப்பா, வரைபடத்தில் அப்பாவைக் காணோமே" என்கிறான். காணாமல் செய்தவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழக்கேகோட்டை, மணக்காடு, ஆற்றுகால் என்று ஆட்டோவில் சுற்றினோம். பகல் ஒரு மணிக்குத் தம்பானூர் ரயில் நிலையத்தில், முதல் நடைமேடை பெஞ்சில், திருநெல்வேலி வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் எங்கள் வீட்டை விற்று முப்பது வருடமாகிறது.

அன்று மாலையே மகனோடு பேசி மறுபடி ஏற்பாடு செய்தோம். இந்த முறை அண்ணன் தெளிவாக இருந்த நேரத்தில் அவரிடமும் கேட்டோம். "நீங்கள் இரண்டு பேர் மட்டும் பார்ப்பதானால் சரி" என்றார். ஆகவே அவர் கைபேசியில் ஒரே ஒரு செயலிக்கு மட்டும் 'எப்போதும்' அனுமதி, துல்லியமான இடம், பார்ப்பவர்கள் இருவர். வேறெதற்கும் கிடையாது.

வாட்ஸ்அப்பில் இடம் அனுப்புவதிலும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். 'தற்போதைய இடம்' என்பது ஒரு முறை குத்திய முள். ஆம்புலன்ஸுக்கோ கல்யாண வீட்டுக்கு வருகிறவருக்கோ அது போதும். 'லைவ் லொகேஷன்' என்பது கூடவே நகரும். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று நாம்தான் கெடு வைக்க வேண்டும். இரவு ரயிலில் தனியாக வரும் பெண்ணுக்கு இது நல்ல துணை. இந்த முள் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜாமீனில் விடப்பட்ட நைஜீரிய நாட்டுக்காரர் ஒருவர் கூகுள் வரைபடத்தில் தன் இடத்தில் முள் குத்திக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தார்கள். அப்படிக் குத்துவதால் ஒருவரைத் தொடர்ந்து பார்க்க முடியாது என்று கூகுளே தெரிவித்தது. ஜாமீனில் போகிறவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை பார்த்துக்கொண்டே இருக்கும்படி நிபந்தனை விதிப்பது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று சொல்லி, 2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அதை நீக்கினார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் நான் இருப்பேன். கைபேசியோடு வருகிறவர்களுக்கு அனுமதிப் பட்டியலைப் பார்க்கச் சொல்லித்தருகிறேன். ஆளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். ரகசிய எண்ணை நீங்களே அழுத்துங்கள், என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவரவும். நான் முதலில் குறிப்பிட்ட அன்பரும் உடனிருந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.